போகுமுன் ஒருமுறை போய்வருதல்

சத்திரசிகிச்சைக்கு முன் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளும் அச்சத்தை மெய்நிகர் யதார்த்தம் எவ்வளவு தணிக்கும்? பேராதனைக்கு வரும் மலையகப் பிள்ளையிடம் அது எந்த மொழியில் பேச வேண்டும்?

சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட வளர்ந்தவர் ஒருவர் தமக்கு என்ன நோய், எங்கே வெட்டுவார்கள், எப்போது வீடு திரும்பலாம் என்பவற்றைக் கேட்டறிந்து, அந்த அறிவைப் பற்றிக்கொண்டே தம் அச்சத்தை ஓரளவு அடக்கிக்கொள்கிறார். ஐந்து வயதுப் பிள்ளைக்கோ அந்தப் பிடிமானம் எதுவும் இல்லை. காலையில் பசிக்கும்போது ஏன் சாப்பாடு தரவில்லை, தன் உடுப்பை ஏன் மாற்றினார்கள், சக்கரக் கட்டிலில் எங்கே தள்ளிக்கொண்டு போகிறார்கள், கதவருகே அம்மா ஏன் நின்றுவிட்டாள் என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் விடை கிடைக்காமலேயே அப்பிள்ளை மயக்க மருந்து முகமூடியை எதிர்கொள்கிறது. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. இங்கே பிள்ளையை மிரட்டுவது தெரியாமை என்ற இருள்தான் என்பதால், அந்த இருளை முன்கூட்டியே நீக்கிவிட முடியுமா என்று மயக்க மருத்துவமும் உளவியலும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வந்துள்ளன. அந்த நெடிய தேடலில் அண்மையில் சேர்ந்திருப்பதே, தலையில் மாட்டும் காட்சிக் கருவியால் பிள்ளையை வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்லும் மெய்நிகர் யதார்த்தம்.

இந்தத் தேடலைப் பேராதனையிலிருந்து நோக்குவதற்குத் தக்க காரணம் உண்டு. மகாவலி வளைந்தோடும் இச்சிறு நகரில், பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஒரே சுற்றாடலில், பேராதனை போதனா வைத்தியசாலை, சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை, பல் போதனா வைத்தியசாலை ஆகிய மூன்றும் அமைந்துள்ளன. 1943ஆம் ஆண்டு கொழும்பில் தொடங்கிய இலங்கையின் பல் மருத்துவக் கல்வி 1954இல் இங்கு இடம்பெயர்ந்தது. 1962இல் நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடமும் இங்கேயே உருவானது. கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளை அரசு கட்டணமின்றிக் குணப்படுத்தும் இடமாகவும், அடுத்த தலைமுறை வைத்தியரைப் பயிற்றும் இடமாகவும் ஒருங்கே விளங்கும் பேராதனையில் வேரூன்றும் ஒரு நடைமுறை, இங்கு பயின்று வெளியேறும் வைத்தியர்களோடு நாடெங்கும் செல்லக்கூடியது.

அச்சத்தை அளந்தவர்கள்

சத்திரசிகிச்சை பிள்ளையின் உடலுக்கு நலம் தரும்போதே மனத்தில் காயம் ஏற்படுத்தக்கூடும் என்பதை அமெரிக்க உளமருத்துவர் டேவிட் லெவி 1945இலேயே எழுதினார். 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் இலண்டனில் எடுத்த, தாயைப் பிரிந்து வைத்தியசாலையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி பற்றிய ஆவணப்படம், அக்கால மருத்துவ உலகை உலுக்கியது. பெற்றோர் பிள்ளைகளை எந்நேரமும் பார்க்கவும் தாய்மார் உடன் தங்கவும் இடமளிக்க வேண்டும் என்று 1959இல் பிரித்தானிய அரசுக்கு வழங்கப்பட்ட பிளாட் குழு அறிக்கை பரிந்துரைத்தது. இன்று விடுதியில் தாய் பிள்ளையோடு தங்குவது இயல்பானதாகத் தோன்றுகிறதென்றால், அதற்குப் பின்னால் இத்தகைய நெடிய வாதம் இருந்தது.

ஆயினும் விடுதியில் உடனிருக்கும் தாய் சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசலில் பெரும்பாலும் பிரிந்துவிடுகிறாள். அச்சம் உச்சமடையும் இடமும் அதுவே. மயக்கம் தொடங்கும் சில நிமிடங்களில் பிள்ளையின் அச்சத்தை அளப்பதற்கு யேல் பல்கலைக்கழகத்தில் ஸீவ் கெய்ன் என்ற மயக்க மருத்துவ நிபுணரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய அளவுகோல் 1997இல் இன்றைய வடிவம் பெற்றது. பிள்ளையிடம் கேள்வி கேட்காமல், அதன் அசைவு, குரல், முகபாவம், விழிப்புநிலை, பெற்றோரை நாடும் விதம் என்ற ஐந்தையும் பயிற்சி பெற்ற ஒருவர் கவனித்துப் புள்ளியிடுவதே இதன் முறை. 23க்குச் சற்று மேல் தொடங்கி 100 வரை செல்லும் இவ்வளவுகோலில் 30ஐத் தாண்டும் பிள்ளை கலக்கத்தில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது.

இந்தக் கலக்கம் மயக்கத்தோடு கரைந்து போய்விடுவதில்லை என்பதுதான் கெய்ன் குழுவினரின் முக்கியமான கண்டுபிடிப்பு. 163 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 1996இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரங்களின் பின் 54 வீதமான பிள்ளைகளிடம் கெட்ட கனவு, பிரிய மறுத்தல், படுக்கையில் சிறுநீர் கழித்தல், அடம் போன்ற நடத்தை மாற்றங்கள் காணப்பட்டன. ஆறு மாதத்தின் பின்னும் 20 வீதத்தினரிடம் அவை நீடித்தன. 5 முதல் 12 வயது வரையான 241 பிள்ளைகள் பற்றிய 2006ஆம் ஆண்டு ஆய்வில், முன்னரே கலக்கமுற்றிருந்த பிள்ளைகள் சத்திரசிகிச்சையின் பின் கூடுதலான வலியை உணர்ந்தனர். மயக்கம் தெளியும்போது தன்னிலை மறந்து கதறித் திமிறும் நிலை அவர்களுள் 9.7 வீதத்தினருக்கும், அமைதியாக இருந்தவர்களுள் 1.5 வீதத்தினருக்கும் ஏற்பட்டது. ஆகவே வாசலில் அழும் பிள்ளையைப் பார்த்து, சின்னப் பிள்ளை அழத்தான் செய்யும், மயங்கியதும் மறந்துவிடும் என்று ஆறுதல் கொள்வது மருத்துவ உண்மைக்குப் பொருந்தாது. அழுகை மூச்சுவழியில் சுரப்புகளைப் பெருக்குவதால் மயக்கம் கொடுப்பதும் கடினமாகிறது. திமிறும் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்க நேரும் தாதியரும் வைத்தியரும்கூட அந்நிமிடங்களை எளிதில் மறப்பதில்லை.

மருந்தும் ஆறுதல் மொழியும்

இந்த அச்சத்தைத் தணிக்க நெடுங்காலமாகக் கையாளப்படும் மருந்து மிடாசோலம். மயக்கத்துக்குச் சுமார் அரை மணி நேரத்துக்கு முன் வாயால் அருந்தக் கொடுக்கப்படும் இது பிள்ளையைத் தளர்த்தி, நடந்தவற்றின் நினைவையும் மங்கச் செய்கிறது. பயனுள்ள மருந்தாயினும் இதற்குக் கசப்புண்டு, சில பிள்ளைகள் தளர்வதற்குப் பதில் மேலும் கொந்தளிப்பதுண்டு, கண்விழிப்பது தாமதமாகலாம். தவிரவும், ஒரு மருந்தின் வரவு இந்நாட்டில் எப்போதும் நிச்சயமானதாக இருந்ததில்லை. பொருளாதார நெருக்கடி இறுகிய 2022 மார்ச் மாத இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிடப்பட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அச்செய்தியைக் கண்டு, அப்போது இலங்கைக்கு வந்திருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் உதவ வழி காணுமாறு தம் நாட்டு உயர் ஸ்தானிகரைப் பணித்தார். அந்த நாட்களில் ஒத்திவைக்கப்பட்ட ஒவ்வொரு திகதியும், பசியோடும் பயத்தோடும் காத்திருந்த ஒரு வீட்டின் காத்திருப்பை நீட்டியது.

பெற்றோரை உள்ளே அனுமதித்தால் போதுமே என்பது அடுத்து எழும் எண்ணம். மருந்தில்லாத வழிகளைச் சோதித்த 28 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான, கொக்ரேன் என்ற அமைப்பின் மதிப்பீடு, மயக்கம் தொடங்கும்போது பெற்றோர் உடனிருப்பது மட்டும் பிள்ளையின் கலக்கத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றும், கோமாளி வைத்தியர், கையடக்கக் காணொளி விளையாட்டு போன்றவை நம்பிக்கை தருவதாகவும் கூறியது. தாயே நடுங்கிக்கொண்டு நின்றால் அந்த நடுக்கம் பிள்ளைக்கும் தொற்றும் என்பதை எண்ணினால் இம்முடிவு வியப்பளிக்காது. தயார் செய்யப்படாத தாய் பெருந்துணையாக இருக்க முடியாது என்பதே இதன் பொருள்.

தாயையும் பிள்ளையையும் சேர்த்துத் தயார் செய்யும் ஒரு முறையைக் கெய்ன் குழுவினர் 2007இல் 408 பிள்ளைகளிடம் சோதித்தனர். வீட்டுக்கே முகமூடியைக் கொடுத்தனுப்பி விளையாட்டாகப் பழக்குதல், கூடத்தைக் காணொளியில் காட்டுதல், கவனத்தைத் திருப்புதல், பெற்றோருக்குப் பயிற்சி அளித்தல் ஆகியவை அடங்கிய அம்முறையில் அச்சம் குறைந்தது. வலிநிவாரணி குறைவாகத் தேவைப்பட்டது. பிள்ளைகள் விரைவாக விடுதி திரும்பினர். அம்முறையின் விதிகளுள் ஒன்று தமிழ்த் தாய்மாருக்கு மிகவும் புதிதாகப் படக்கூடியது: அளவுக்கு மீறி ஆறுதல் சொல்லாதிருத்தல். 'ஒன்றுமில்லை, பயப்படாதே' என்று திரும்பத் திரும்பச் சொல்லும்போது, பயப்படுவதற்கு ஏதோ இருக்கிறது என்பதையே பிள்ளை புரிந்துகொள்கிறது. 'இப்போது விரலில் ஒரு கவ்வி மாட்டுவார்கள், அது சிவப்பாக எரியும், வலிக்காது' என்ற ஒரு வாக்கியத்தில், ஆறுதல் என்ற சொல் இல்லாமலேயே ஆறுதல் இருக்கிறது.

திரைப்படத்திலிருந்து காட்சிக் கருவிக்கு

மெய்நிகர் யதார்த்தம் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்னரே, காட்டிவிட்டால் பயம் குறையும் என்பது நிறுவப்பட்டிருந்தது. 1975இல் பார்பரா மெலமெட், லோரன்ஸ் சீகல் என்ற உளவியலாளர் இருவர், ஈதன் என்ற சிறுவன் சத்திரசிகிச்சைக்கு வந்து வீடு திரும்புவதைக் காட்டும் படமொன்றை 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குத் திரையிட்டனர். தொடர்பற்ற வேறு படத்தைப் பார்த்த பிள்ளைகளைவிட இவர்களிடம் அச்சம் குறைவாக இருந்தது. தன்னைப் போன்ற ஒரு பிள்ளை பயந்தும் தாங்கியும் மீண்டு வருவதைப் பார்த்துக் கற்பதை உளவியலில் மாதிரி வழிக் கற்றல் என்பர்.

படம் பார்க்கும் பிள்ளை திரைக்கு வெளியே அமர்ந்திருக்கிறது. மெய்நிகர் யதார்த்தம் அதைத் திரைக்குள்ளேயே அமர்த்துகிறது. அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லண்ட் 1968இல் உருவாக்கிக் காட்டிய தலைமாட்டிக் காட்சியமைப்பே இக்கருவிகளின் முன்னோடி. இரண்டு கண்களுக்கும் சிறிது வேறுபட்ட இரண்டு படங்களைக் காட்டுவதால் ஆழம் தோன்றுகிறது. தலை திரும்பும் திசையை உணரிகள் அறிந்து காட்சியையும் அதற்கேற்பத் திருப்புவதால், அண்ணாந்தால் கூரையும் குனிந்தால் தரையும் தெரிகின்றன. வெளிக்காட்சி முற்றாக மறைக்கப்படுவதால் தான் அங்கேயே இருப்பதாக மனம் நம்பத் தொடங்குகிறது. இந்த நம்புதலைத்தான் அமிழ்வு என்கின்றனர்.

இந்த அமிழ்வு மருத்துவத்தில் இரண்டு வேறுபட்ட வழிகளில் பயன்படுகிறது. முதலாவது கவனத்தைத் திருப்புதல். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹண்டர் ஹொஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் 1990களில் தொடங்கிய பணியில், தீக்காயத்துக்குக் கட்டு மாற்றப்படும் நோயாளர் பனிப்பள்ளத்தாக்கொன்றில் பறந்து பனியுருண்டை எறியும் விளையாட்டில் மூழ்கினர். மனத்தின் கவனத்துக்கு எல்லை உண்டு என்பதால், பனியில் செலவான கவனம் வலிக்குக் குறைந்தது. இரண்டாவது வழி முன்பழக்கம்: வரவிருக்கும் இடத்தையே முன்னதாகக் காட்டி, அங்கு போகும்போது அது ஏற்கெனவே போய்வந்த இடமாகத் தோன்றச் செய்தல். முதல் வழி பிள்ளையைக் கூடத்திலிருந்து அப்பால் கொண்டு செல்கிறது. இரண்டாவது வழி கூடத்துக்கே அழைத்துச் செல்கிறது. கருவி ஒன்றாயினும் இவ்விரண்டும் வெவ்வேறு சிகிச்சைகள் என்பதை மனங்கொண்டால்தான் ஆய்வு முடிவுகள் விளங்கும்.

மூன்று நகரங்களின் பாடம்

தென்கொரியாவில் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் புண்டாங் வைத்தியசாலையில் நிகழ்ந்து 2017இல் வெளியான ஆய்வு இத்துறையில் பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. 4 முதல் 10 வயது வரையான 69 பிள்ளைகளுள் ஒரு பகுதியினர், கொரியப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த பொரோரோ என்ற கேலிச்சித்திரப் பெங்குவின் சத்திரசிகிச்சைக் கூடத்தைச் சுற்றிவந்து ஒவ்வொன்றையும் விளக்கும் நான்கு நிமிட மெய்நிகர்ப் படத்தைப் பார்த்தனர். ஏனையோருக்கு வழக்கமான விளக்கம் மட்டும் தரப்பட்டது. மயக்கத்துக்கு முன் அளந்தபோது, படம் பார்த்த குழுவின் இடைநிலைப் புள்ளி 31.7 ஆகவும், மற்றக் குழுவினது 51.7 ஆகவும் இருந்தது. நான்கு நிமிடத்தில் பெற்ற இருபது புள்ளி வேறுபாடு அது.

நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரிலுள்ள சோபியா சிறுவர் வைத்தியசாலையில் 200 பிள்ளைகளைக் கொண்டு நிகழ்ந்து 2019இல் வெளியான ஆய்வு வேறு விடை தந்தது. பல், தாடை, காது மூக்குத் தொண்டை ஆகியவற்றில் சத்திரசிகிச்சை பெற வந்த 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குத் தத்ரூபமாக உருவாக்கிய கூடத்தை மெய்நிகராகக் காட்டியும், காட்டாத குழுவோடு ஒப்பிடுகையில் அச்சத்தில் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் வலி மிகுந்த தொண்டைச்சதை, மூக்கடிச்சதை நீக்கத்தின் பின், மேலதிக வலிநிவாரணி வேண்டியிருந்தவர்கள் கூடத்தை மெய்நிகராகக் கண்ட குழுவில் 55 வீதமாகவும் காணாத குழுவில் 95.7 வீதமாகவும் இருந்தனர். முன்கூட்டித் தெரிந்துகொண்டதன் நன்மை, எதிர்பார்த்த இடத்தில் தோன்றாமல் வேறிடத்தில் தோன்றியது என்று இதைக் கொள்ளலாம்.

கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டில், சாம் ரொட்ரிகஸ், தோமஸ் கருசோ என்ற மயக்க மருத்துவ நிபுணர்கள் நிறுவிய சாரியட் என்ற திட்டம் கவனத்தைத் திருப்பும் வழியைப் பின்பற்றுகிறது. முகமூடி வைக்கும் வேளையிலேயே பிள்ளை கருவியை அணிந்து விளையாட்டில் மூழ்கியிருக்கும் இம்முறையில் கலக்கம் குறைந்ததாக, கலிபோர்னியாவிலேயே வேறொரு குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதற்கு முன்னரே, சக்கரக் கட்டிலில் திரையும் ஒளிவீழ்த்தியும் பொருத்தி, பிள்ளை படம் பார்த்துக்கொண்டே கூடத்துக்குள் நுழையும் எளிய ஏற்பாட்டையும் ஸ்டான்போர்ட் குழுவினர் கையாண்டிருந்தனர்.

இம்மூன்றையும் அருகருகே வைத்து நோக்கினால் தெளியும் பாடம் ஒன்றுண்டு. வழக்கமான விளக்கமும் கவனிப்பும் ஏற்கெனவே நிறைவாக உள்ள இடத்தில் கருவி சேர்ப்பது சிறிதாகவும், பிள்ளைக்கு எட்டாத விளக்கமே வழக்கமாக உள்ள இடத்தில் அது சேர்ப்பது பெரிதாகவும் இருக்கலாம். கருவியின் மதிப்பை, அது நிரப்பும் வெற்றிடத்தின் அளவைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். அந்த வெற்றிடம் பேராதனையில் எங்கே இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி.

மலையிலிருந்து வரும் பிள்ளை

பதுளைக்கும் மாத்தளைக்கும் செல்லும் இரயில் பாதைகள் பிரியும் சந்தி பேராதனை. ஹட்டன், தலவாக்கலை, நானுஓயாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிறப்புச் சிகிச்சைக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வரும் தாய், பெரும்பாலும் ஒரு நாள் கூலியை இழந்தே வருகிறாள். அவள் வரும் நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மையினர். அவள் வந்து சேரும் விடுதியிலோ பணியாளர் பலரின் தாய்மொழி சிங்களம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது என்பது உண்மையே. பணியாளர் பலரும் தமக்குத் தெரிந்த தமிழில் பரிவோடு பேச முயல்வதும் உண்மையே. ஆனால் நூறு நோயாளரிடையே விரையும் ஒருவர் இரண்டாம் மொழியில் சொல்லக்கூடியது 'அழ வேண்டாம்', 'வாயைத் திற', 'கையை நீட்டு' என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஏன், எதற்கு, எவ்வளவு நேரம் என்பவை தாய்மொழியில்தான் பிள்ளையைச் சென்றடையும்.

பிளவுபட்ட உதடு, அண்ணத்தோடு பிறக்கும் பிள்ளைகளின் நிலையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். இப்பிள்ளைகளுக்கு ஒரு தடவையோடு சத்திரசிகிச்சை முடிவதில்லை: உதட்டைச் சீராக்குவது பொதுவாகச் சில மாதக் குழந்தைப் பருவத்திலும், அண்ணத்தை மூடுவது ஒரு வயதையொட்டியும், ஈறுப்பிளவில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பை வைப்பது எட்டு முதல் பதினொரு வயதுக்குள்ளும் நிகழ்கின்றன. முதலிரண்டும் அப்பிள்ளைக்கு நினைவிருக்காது. மூன்றாவதற்கு வரும்போதோ, தன் முகத்தைப் பற்றிப் பாடசாலையில் கேட்ட சொற்களையும், 'திரும்பவும் வெட்டுவார்கள்' என்று உறவினர் பேசிக்கொண்டதையும் சுமந்தே வருகிறது. வாய்ச் சிகிச்சைக்கென்று வந்த தன் இடுப்பில் ஏன் கட்டு இருக்கிறது என்பது கண்விழித்த பிறகு தெரியவந்தால், அந்த அதிர்ச்சி அடுத்த சிகிச்சை வரை நீளும். இத்தகைய பிள்ளைக்கு முன்பழக்கம் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அமைய வேண்டும்.

சொற்களே பிள்ளையைத் திகைக்க வைப்பதும் உண்டு. 'தியேட்டருக்குக் கொண்டு போகிறார்கள்' என்று விடுதியில் எல்லோரும் இயல்பாகச் சொல்கின்றனர். அச்சொல்லைப் படம் பார்க்கும் இடமாகவே அறிந்த பிள்ளை வேறொன்றை எதிர்பார்த்துச் செல்கிறது. 'மயக்கம்' என்றால் வெயிலில் கொழுந்து பறிக்கையில் யாரோ சுருண்டு விழுந்ததே அதன் நினைவுக்கு வரும். தன்னையும் அப்படி விழச் செய்யப் போகிறார்கள் என்று அது எண்ணினால் தவறு அதனுடையதன்று. 'மருந்து கலந்த காற்றை ஊதுபை ஊதுவதுபோல் மூச்சிழுத்து விட்டால் ஒரு நல்ல தூக்கம் வரும். வேலை முடியும் வரை அந்தத் தூக்கம் கலையாது. முடிந்ததும் டொக்டரே எழுப்பிவிடுவார்' என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த நிமிடமும் அந்த மொழியும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் அமைவது அரிது. மெய்நிகர்ப் படம் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது: ஒருமுறை கவனமாக எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் பதிவு செய்துவிட்டால், எந்த நாளும் எந்தப் பிள்ளைக்கும் அதே பொறுமையோடு அது விளக்கும்.

எத்தகைய படம்?

அத்தகைய படத்துக்குப் பொரோரோவைக் கடன் வாங்கத் தேவையில்லை. பேராதனைத் தாவரவியல் பூங்காவில், கிளைகளைக் குடையாய் விரித்து ஒரு புல்வெளியையே மூடி நிற்கும் பெரிய யாவா அத்திமரத்தின் கீழ்ப் படம் தொடங்கலாம். பாடசாலைச் சுற்றுலாவில் அங்கு வந்த பிள்ளைகள் பலர், வராத பிள்ளைக்கும் மரம் மரம்தான். அங்கிருந்து ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மலையகத்துப் பேச்சுத் தமிழில் பேசிக்கொண்டே பார்வையாளரை வைத்தியசாலைக்குள் அழைத்துச் செல்லட்டும். சக்கரக் கட்டிலில் படுத்திருப்பவரின் கண்ணுக்குக் கூரை விளக்குகள் ஒவ்வொன்றாய் நகர்வது எப்படித் தெரியுமோ அப்படியே படம் அதைக் காட்ட வேண்டும். ஏனெனில் வளர்ந்தவர் எவரும் பார்க்காத, பிள்ளை மட்டுமே பார்க்கும் காட்சி அது. பச்சை உடையும் முகக்கவசமும் அணிந்தவர் அக்கவசத்தைக் கீழிறக்கிச் சிரித்துவிட்டு மீண்டும் அணிய வேண்டும். மயக்க மருந்தின் வாடை பெயின்ற் வாடையைப் போலச் சற்று வித்தியாசமாக இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்விழிக்கும்போது தொண்டை நோகலாம், கையில் சேலைன் குழாய் இருக்கலாம் என்பதையும் சேர்க்க வேண்டும். வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்லும் படம் ஒரே நாளில் தன் நம்பகத்தை இழந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் அம்மா நின்றுவிடும் அந்தக் கணத்தைப் படம் நேராகச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்ல ஆயத்தமான சொல் அதன் வாழ்விலேயே இருக்கிறது. காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகுமுன் தாய் பிள்ளையை விட்டுச் செல்லும் இடம் பிள்ளைக் காம்பரா. மலையில் கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் திரும்பி வருவாள் என்பதை அப்பிள்ளை நாள்தோறும் கண்டறிந்திருக்கிறது. 'இதுவும் பிள்ளைக் காம்பரா மாதிரித்தான். அம்மா வெளியில் இருக்கிறாள், நீ முழிக்கும்போது வந்துவிடுவாள்' என்று அச்சிறுமி சொன்னால், உளவியல் நூல் எதுவும் தராத உறுதியை அந்தச் சொல் தரும். கொரியாவிலோ நெதர்லாந்திலோ வாங்கும் மென்பொருளில் இந்தச் சொல் இருக்கப்போவதில்லை. ஆகையால் கருவியை இறக்குமதி செய்தாலும் படத்தை இங்கேதான் எடுக்க வேண்டும்.

அது எட்டாத கனவும் அன்று. எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் 360 பாகைக் கமெராவும், கூடம் ஓய்ந்திருக்கும் ஒரு விடுமுறை நாளும், மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல், தமிழ் ஆகிய நான்கு துறைகளும் அருகருகே இயங்கும் ஒரு பல்கலைக்கழகமும் இதற்குப் போதுமானவை. 2014இல் கூகுள் நிறுவனம் அறிமுகப்படுத்திய மடிப்பு அட்டைக் கண்ணாடி, சாதாரண ஸ்மார்ட் தொலைபேசியையே மெய்நிகர்க் கருவியாக்கலாம் என்று காட்டியது. அதே படத்தைத் தொலைபேசித் திரையில் வெறுமனே பார்த்தாலும் ஓரளவு பயனுண்டு. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சத்திரசிகிச்சைக்குச் சுமார் ஐந்து நாட்களுக்கு முன்னரே தயார் செய்வது நல்லதென்று துறை வல்லுநர் கருதுவதால், கிளினிக் வரும் நாளிலேயே படத்தைக் காட்டி, தாயின் தொலைபேசியிலும் கொடுத்தனுப்பினால், அதே நிமிடங்களில் தாயும் தயாராகிவிடுகிறாள்.

எல்லைகள்

இக்கருவி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதன்று. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முன்பழக்கம் பெரும்பாலும் பொருளற்றது. அவர்களுக்குத் தாயின் மடியே மருந்து. வலிப்பு நோயுள்ளவர்கள், கண்ணிலோ முகத்திலோ காயமுற்றவர்கள், தலைசுற்றலும் குமட்டலும் எளிதில் ஏற்படுபவர்கள் ஆகியோர் விடயத்தில் எச்சரிக்கை வேண்டும். வெறும் வயிற்றோடு காத்திருக்கும் பிள்ளைக்குக் குமட்டல் இரட்டிப்புத் துன்பம். அரைக் கிலோ எடையுள்ள கருவி சிறு கழுத்துக்குச் சுமை. வீட்டுப் பாவனைக்கு மெட்டா நிறுவனம் நிர்ணயித்த குறைந்தபட்ச வயது நெடுங்காலம் 13 ஆக இருந்து 2023இல்தான் 10 ஆகக் குறைக்கப்பட்டது என்பதால், அதற்கும் இளைய பிள்ளைகளுக்கு வைத்தியர் மேற்பார்வையில் சில நிமிடங்களுக்கு மட்டுமே அணிவிப்பது பொருந்தும். ஒரு முகத்திலிருந்து மற்றொரு முகத்துக்கு மாறும் முன் கருவியைத் தொற்றுநீக்கித் துடைத்து, முகம் படும் உறையை மாற்ற வேண்டும். ஓசைக்கும் ஒளிக்கும் மிகுந்த கூருணர்வுள்ள ஓட்டிசம் பிள்ளைகள் சிலருக்கு இது அச்சத்தைக் கூட்டவும் கூடும். வேண்டாமென்று தலையாட்டும் பிள்ளைக்குக் கட்டாயமாக மாட்டுவது, தணிக்க வந்த அச்சத்தையே தருவதாகும்.

இவற்றினும் பெரிய அபாயம், கருவி வந்துவிட்டது, இனிப் பேசத் தேவையில்லை என்று மனிதர் விலகிக்கொள்வதே. படம் முடிந்து கருவியைக் கழற்றும் பிள்ளை முதலில் நிமிர்ந்து பார்ப்பது ஒரு மனித முகத்தைத்தான். அந்த முகம் கேள்விக்கு விடை சொல்லக் காத்திருக்க வேண்டும். தமிழறிந்த ஒரு தாதி, ஒரு தொண்டர், ஒரு மருத்துவ மாணவர் அந்நேரம் அருகில் இருப்பதற்கான ஏற்பாடு, கருவி வாங்கும் செலவோடு சேர்த்தே திட்டமிடப்பட வேண்டியது.

கட்டணமில்லாச் சிகிச்சையை எல்லோருக்கும் உரிமையாக்கியதில் இலங்கை பெருமை கொள்கிறது, அப்பெருமை நியாயமானது. அந்த உரிமையின் அடுத்த படி, சிகிச்சை பெறும் பிள்ளை தனக்கு நிகழவிருப்பதைத் தன் மொழியில் முன்னரே அறிந்திருப்பதாகும். அது சலுகையாகவோ புதுமை விளம்பரமாகவோ கருதப்படாமல், உண்ணாநோன்பு நேரத்தைப் போலவும் இரத்தப் பரிசோதனையைப் போலவும் சத்திரசிகிச்சைக்கு முந்திய ஏற்பாடுகளுள் ஒன்றாகக் கிளினிக் கொப்பியில் எழுதப்பட வேண்டும். பேராதனையின் நீண்ட நடைகூடத்தில் சக்கரக் கட்டில் நகரும்போது, படுத்திருக்கும் பிள்ளை கூரை விளக்குகளை எண்ணிக்கொண்டு, அடுத்து வருவது எந்தக் கதவு என்பதை அருகில் நடக்கும் தாய்க்குத் தானே சொல்லுமாயின், அந்தப் படம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.